சாமி கண்ணைக் குத்துமா?

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பொழுது சாய்கிற நேரத்தில் சற்று உட்கார்ந்திருப்பவருக்கு, புராணமும் சாஸ்திரமும் தனியாகப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது. உள்ளேயிருந்து வருகின்ற குரலைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். “வாசப்படியில உக்காராதே கண்ணு, குடும்பத்துக்கு ஆகாது.” “காலை ஆட்டாதே, ஊட்டுல இருக்கிற லட்சுமி போயிருவா.” “பொழுதோட சீட்டி அடிக்காதே, பாம்பு வந்துரும்.” “வெளக்கு வெச்சதுக்கப்புறம் நகம் வெட்டாதே, தரித்திரம்.” “தேங்காய்த் துருவலைத் தின்னாதே, உன்ற கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்.” “கொட்டையை முழுங்காதே, வகுத்துல மரம் மொளைச்சுரும்.” இவ்வளவும் சொல்லிய பிறகும் பிள்ளை மசியாமல் “ஏன்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருக்கின்றார்கள்: “எதுத்துப் பேசினா சாமி கண்ணைக் குத்தும்!”

இந்தச் சட்டங்களையும் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்களையும் கொஞ்சம் விசாரணை செய்து பார்ப்போம். முதலில் கடைசிச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பொய் சொன்னாலும் எதிர்த்துப் பேசினாலும் சாமி கண்ணைக் குத்துவது உண்மையாயிருக்குமானால், அந்தச் சாமிக்கு இராப்பகல் வேறு ஜோலியே இருக்க முடியாது. கோபி தாலுகா ஒன்றில் மாத்திரம் ஒரு நாளைக்குப் பிள்ளைகள் சொல்லும் பொய் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அன்றியும், இந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு மாத்திரந்தானா? தேர்தல் மேடையில் வாக்குறுதி கொடுக்கின்றவர், கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுச் சாட்சி சொல்லுகின்றவர், மஞ்சள் மூட்டையை நிறுக்கும்போது எடையில் கை வைக்கின்றவர், ஜாதகம் பார்த்துத் தட்சணை வாங்குகின்றவர், இவர்களெல்லாம் இரண்டு கண்ணோடும்தானே நடமாடுகின்றார்கள்? கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிகளில் கண்புரை என்றும், சர்க்கரை வியாதியால் வந்த கோளாறு என்றும் சீட்டு எழுதுகின்றார்களேயொழிய, ‘சாமி குத்தியது’ என்று எழுதிய டாக்டர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

காலை ஆட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்கின்றார்கள். நம் கொங்கு நாட்டில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் காலை ஆட்டியே சோறு தின்கின்றன என்பது இவர்களுக்குத் தெரியாதா? பவானியில் ஜமக்காளம் நெய்கின்றவர் குழித்தறியில் காலை ஆட்டாமல் ஒரு முழமாவது நெய்தது உண்டா? சென்னிமலைத் தறிக்காரர் காலை ஆட்டாமல் போர்வை தருவாரா? தையற்காரர் காலை ஆட்டாவிட்டால் இந்தச் சட்டத்தைச் சொல்லுகின்றவரின் உடம்பில் சட்டை ஏது? “அதனால்தானே நெசவாளி ஏழையாயிருக்கிறான்!” என்று ஒரு வைதிகர் நம்மிடம் சொன்னார். நெசவாளியின் வறுமைக்குக் காரணம் கூலியில் இருக்கின்றது, நூல் விலையில் இருக்கின்றது, விசைத்தறிப் போட்டியில் இருக்கின்றது. அதைக் காலில் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் கூலி கொடுப்பவருக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

வாசற்படிக்கு இரணியன் கதையைச் சொல்லுகின்றார்கள். இரணியன் வாசற்படியில் வைத்துக் கொல்லப்பட்டானாம், ஆகவே நாம் அங்கே உட்காரக்கூடாதாம். அந்தக் கதைப்படியே வாசற்படியில் உட்கார்ந்தது யார்? நரசிம்மம். அதற்கு ஒரு கெடுதியும் வந்ததாகக் காணோம். மடியில் கிடந்தவனுக்குத்தான் ஆபத்து வந்தது. ஆகையால் கதையிலிருந்து கிடைக்கும் நியாயமான படிப்பினை, யார் மடியிலும் படுக்காதே என்பதாகத்தான் இருக்க முடியும்.

தேங்காய்த் துருவலின் விஷயம் இன்னும் வேடிக்கை. துருவலைத் தின்ற பெண்ணின் கல்யாணத்தில் மழை வரும் என்பது மெய்யானால், பவானிசாகர் அணை 105 அடியைத் தொடாத வருஷங்களில் சர்க்கார் எதற்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? கலியாணத்துக்கு நிற்கும் பெண்களுக்கெல்லாம் தலைக்கு ஒரு மூடி தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு, சத்தியமங்கலத்துக்கு மேலே காட்டோரமாகப் பந்தல் போட்டு ஒரே முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டால் கீழ்பவானி வாய்க்கால் முழுவதற்கும் தண்ணீர் வந்துவிடுமே! ஆனி ஆடியில் மழைக்காக அம்மனுக்குப் பொங்கல் வைக்கின்றார்களே, அவர்களில் ஒருவராவது தேங்காய்த் துருவலை நம்பிக் காட்டை உழுதது உண்டா?

நிற்க. இவ்வளவு கேலி செய்ததினால், பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்ற விதிகள் எல்லாமே முட்டாள்தனம் என்பது நமது அபிப்பிராயமல்ல. விதிகளில் அனேகம் நல்ல விதிகள். வாசற்படியில் பிள்ளை உட்கார்ந்தால், தண்ணீர்க் குடத்தோடு வருகின்றவள் தடுக்கி விழுவாள். துருவலைப் பிள்ளைகள் தின்றுவிட்டால் சட்டினிக்குத் தேங்காய் இருக்காது. காலை ஆட்டினால் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவனுக்குப் பலகை ஆடும். கொட்டை விஷயமோ விளையாட்டே அல்ல. வயிற்றுக்குப் போன கொட்டை மறுநாள் தானாக வெளியே போய்விடும். ஆனால் சிறு குழந்தைக்குக் கடலைக்காய்ப் பருப்பு ஒன்று புரையேறி மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொண்டால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். உண்மையான காரணம் மரம் முளைப்பதைவிட எவ்வளவு பயங்கரமானது! அதைச் சொல்லாமல், வயிற்றில் மரம் முளைக்கும் என்று சொன்னதினால் என்ன ஆயிற்று? பிள்ளை நாலு நாள் வயிற்றைத் தடவிப் பார்க்கின்றது. இலை ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் பெரியவர்கள் பொய்யர்கள் என்று தெரிந்துகொண்டு, ஓடிக்கொண்டே கடலைக்காய் தின்கின்றது.

நகம் வெட்டும் விதியைக் கவனியுங்கள். விளக்கெண்ணெய்த் திரியின் வெளிச்சத்தில், அரிவாள்மனையோ கத்தியோ கொண்டு நகம் எடுத்த காலத்தில், இருட்டினபின் நகம் வெட்டாதே என்றது மிகவும் சரியான புத்திமதி. விரல் வெட்டுப்படும், வெட்டிய நகம் சோற்றில் விழும். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் நம் பக்கத்துக்கு வந்தது. கொஞ்ச காலத்துக்குப் பின் நகவெட்டியும் வந்தது. காரணம் போய்விட்டது. விதி போயிற்றா? இல்லை. ஏனென்றால் விதிக்குச் சொல்லப்பட்ட காரணம் வெளிச்சமின்மை அல்ல, லட்சுமி. விளக்கு வந்தவுடன் வெளிச்சமின்மை ஒழிந்துவிடும். லட்சுமியை ஒழிக்க எந்த விளக்கு உண்டு? உண்மையான காரணத்தோடு கூடிய விதிக்கு, வேலை முடிந்தவுடன் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடலாம். பொய்க் காரணத்தோடு கூடிய விதிக்குச் சாவே கிடையாது. நமது ஆட்சேபணை முழுவதும் இதுதான்.

“குழந்தைக்கு எல்லாக் காரணத்தையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? கொஞ்சம் பயம் காட்டி வைத்தால் உயிர் தப்புகின்றதே!” என்று தாய்மார்கள் கேட்கின்றார்கள். இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. நமது ஊர்ப்பக்கம் முழுவதும் கிணறும் வாய்க்காலும்தான். வேலைக்குப் போகின்ற தாய் பிள்ளையின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இதை எழுதுகின்றவனுக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் ஒன்று இருப்பதால் அதைச் சொல்லிவிடுகின்றோம்.

அப்போது இவனுக்கு ஒன்பது வயது. கொடிவேரியில் பிரிந்து வருகின்ற தடப்பள்ளி வாய்க்காலில், தோட்டத்துக்குப் போகின்ற வழியில் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கடியில் முனி இருக்கின்றது, பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், அந்தப் பக்கமே போகாதே என்று ஆத்தா சொல்லி வைத்திருந்தாள். அன்பினால் சொன்னதுதான். பயமும் நன்றாகவே இருந்தது. ஆனால் கூடப் படித்த மூத்த பையன் ஒருவன் முனிக்கு மருந்து கண்டுபிடித்துச் சொன்னான். இரும்பு இருக்கிற இடத்தை முனி அண்டாதாம். இதையும் அவன் தன் வீட்டுப் பெரியவர்களிடமிருந்துதான் கற்றிருந்தான். மாட்டுக்கு லாடம் அடிக்கின்ற இடத்தில் கிடந்த பழைய ஆணி ஒன்றைப் பொறுக்கி அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, ஒரு மத்தியானம் இருவரும் பாலத்திலிருந்து குதித்தோம்.

முனி வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. பாலத்துக் கண்ணுக்குள் அது இழுத்த இழுப்பு இன்றைக்கும் சில இரவுகளில் நினைவுக்கு வருகின்றது. அந்தப் பையனுக்கு நீச்சல் தெரியும், கரையேறிவிட்டான். இவனை, எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டு, வயிற்றிலிருந்த தண்ணீரை வெளியேற்றி, பிறகு முதுகில் நாலு சாத்துச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஏண்டா, மதகு தொறந்து உட்டிருக்குது. பாலத்துக் கண்ணுல தண்ணி நெருக்கி இழுக்குமடா. உன்ற ஒசரத்துக்கு ரெண்டாள் ஆழம். நீச்சப் பழகாதவன் எறங்கலாமா?” அந்தப் பெரியவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஆழம், இழுப்பு, நீச்சல் என்று மூன்று வார்த்தையில் அவர் சொன்னதை ஒன்பது வயதுப் பிள்ளையால் விளங்கிக்கொள்ள முடிந்தது. அதற்கப்புறம் நீச்சல் பழகும் வரையில் இவன் அந்தத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. முனிக்கு ஆணி உண்டு. ஆழத்துக்கு ஆணி கிடையாது.

பாம்பு விஷயமும் இதே கதைதான். பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையில் வரும் அதிர்ச்சியைத் தாடையெலும்பின் வழியாக அது உணருகின்றது, சில சத்தங்களும் அதற்கு எட்டுகின்றன. ஆனால் சீட்டிக்கு மயங்கி வீடு தேடி வருகின்ற பாம்பு உலகத்தில் இல்லை. அப்படி வருமானால் எலி தின்னும் தொல்லைக்கு ஒரு விசில் போதும். இது சிரித்துவிட்டுப் போகின்ற விஷயமாயிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கின்றது. வருஷத்துக்குச் சராசரி 58,000 உயிர். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். அவர்களில் எவரும் சீட்டி அடித்துச் செத்தவர்களல்லர். இருட்டில் வெளிச்சமில்லாமல் வரப்பில் நடந்தவர்கள், போரடியில் கை விட்டவர்கள், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்கள். கட்டுவிரியன் இராத்திரியில் படுக்கைக்கு வந்து கடித்தால் பல சமயம் வலி கூடத் தெரியாது, பல் பதிந்த தடமும் சரியாகத் தெரியாது. விடிவதற்குள் கண் இமை தொங்கி மூச்சு நின்றுவிடும்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது என்ன? கையில் டார்ச்சு விளக்கு இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதே, செருப்புப் போடு, விறகை எடுக்குமுன் தட்டிப் பார், தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கடியில் சொருகு, கடித்துவிட்டால் மந்திரிக்கின்றவரிடம் போகாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடு, அங்கே விஷமுறிவு மருந்து இருக்கின்றது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கென்றே 1978-ல் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஏற்பட்டு, செங்கல்பட்டுப் பக்கத்தில் வடநெம்மேலியில் வேலை செய்துவருகின்றது. இவ்வளவும் ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய ரசமான சங்கதிகள். இவற்றையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, “சீட்டி அடிக்காதே” என்பதோடு பெரியவர்களின் கடமை முடிந்துவிட்டது! சீட்டி அடிக்காத நல்ல பிள்ளை இருட்டில் வெறுங்காலோடு நடந்து போகின்றது.

இப்பொழுது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கின்றது. இவர்கள் பாட்டிமாரைவிட ஆபத்தானவர்கள். பாட்டி பேய் என்றாள். இவர்கள் படித்தவர்களாகையால் பேய் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ‘விஞ்ஞானம்’ என்று சொல்லுகின்றார்கள். புளியமரத்தடியில் இரவில் படுக்கக்கூடாது என்பதற்குக் காரணம், மரம் இரவில் கரியமில வாயு விடுகின்றதாம். நம் முன்னோர் ஞான திருஷ்டியால் இதை அறிந்தார்களாம். கைப்பேசியில் இது வராத நாளே இல்லை. இருட்டில் மரம் கரியமில வாயு விடுவது வாஸ்தவந்தான். 1779-ல் இங்கென்ஹவுஸ் என்ற டச்சுக்கார வைத்தியர் செடிகளை வெளிச்சத்திலும் இருட்டிலும் வைத்துச் சோதித்து, காற்றில் உண்டாகும் வித்தியாசத்தை எழுதி வைத்தார். ஆனால் புளியமரம் மாத்திரமா அதைச் செய்கின்றது? வேம்பும் செய்கின்றது, கொய்யாவும் செய்கின்றது, பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் அண்ணனும் செய்கின்றான். வெட்டவெளிக் காற்றில் அது ஒருவரையும் கொல்லாது. புளியமரத்தில் குடியிருந்த பேயைக் காலி செய்துவிட்டு, அதே கிளையில் கரியமில வாயுவைக் குடிவைத்திருக்கின்றார்கள். வாடகை வாங்குகின்றவர் மாறவில்லை.

வடக்கே தலை வைக்காதே என்பதற்கும் அப்படியே. முன்பு, வடக்கே தலை வைத்துப் படுத்த யானையின் தலையை வெட்டித்தான் பிள்ளையாருக்கு ஒட்டினார்கள் என்றார்கள். இப்போது இரத்தத்தில் இரும்பு, பூமியில் காந்தம், இழுத்துக்கொள்ளும் என்கின்றார்கள். இரத்தத்திலுள்ள இரும்பு ஆணியிலுள்ள இரும்பைப் போன்றதல்ல. கோயமுத்தூரில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கின்றார்களே, அந்த இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேற்பட்டது. அதற்குள் அரைமணி நேரம் படுத்திருந்து எழுந்து வந்தவர்கள் நம் ஊரிலேயே எத்தனையோ பேர். ஒருவருடைய இரத்தமாவது ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டதா? பாட்டியின் பொய்யை வளர்ந்த பிள்ளை தானே தெரிந்துகொள்வான். விஞ்ஞானத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருகின்ற பொய், விஞ்ஞானம் இன்னது என்பதையே அவனுக்குத் தெரியாமல் செய்துவிடும்.

இவ்வளவுதானே, நகத்துக்கும் சீட்டிக்கும் இவ்வளவு பெரிய தலையங்கமா என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். காரணம் கேட்காமல் கீழ்ப்படியப் பழக்கிய மூட்டையில் நகமும் சீட்டியும் மேலே கிடக்கின்றன. அடியில் கிடப்பவை வேறு. “வீட்டுக்குத் தூரமாயிருக்கும்போது ஊறுகாயைத் தொடாதே, கெட்டுவிடும். செடியைத் தொடாதே, வாடிவிடும். உள்ளே வராதே, சாமிக்கு ஆகாது.” இவையும் பிள்ளைகளுக்குத்தான் சொல்லப்படுகின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைக்கு அருகில் ஆணைக்காட்டில், பூப்பெய்திய ஒரு சிறுமி தீட்டு என்று குடிசையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தாள். தென்னைமரம் குடிசையின் மேல் விழுந்து அவள் செத்துப் போனாள். புயல் வருகின்றது என்ற உண்மையான காரணத்தைவிட, தீட்டு என்ற பொய்க் காரணம் அந்த இரவிலும் பலமாயிருந்தது. அது தஞ்சாவூர்ச் சீமை என்று நாம் பெருமை கொள்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் நமது கோயமுத்தூர் ஜில்லாவிலேயே, பொள்ளாச்சிப் பக்கம், ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அதே காரணத்துக்காக வகுப்புக்கு வெளியே படியில் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் செய்தார்கள். செய்தி வெளியே வந்து தலைமையாசிரியை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டது பிறகு நடந்த சங்கதி. அந்தப் பள்ளிக்கூடத்திலும் விஞ்ஞானப் பாடம் உண்டு.

மூட்டையின் அடியில் இன்னும் ஒன்று இருக்கின்றது. 2018 ஜூலையில் அவிநாசிக்கு அருகில் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குச் சமையலுக்கு வந்த அம்மாள் அருந்ததியர் என்பதற்காக, அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சில பெற்றோர்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாளையே வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், எதிர்ப்பு எழுந்த பிறகு அந்த உத்தரவு ரத்தாயிற்று. நாம் கேட்கின்றோம்: அன்றைக்குச் சாயங்காலம் வீடு திரும்பிய பிள்ளை, “நான் ஏன் அங்கே சாப்பிடக்கூடாது?” என்று கேட்டிருக்குமல்லவா? அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? நகத்துக்கு விளக்கில்லை என்று சொல்லலாம். வாய்க்காலுக்கு ஆழம் என்று சொல்லலாம். இதற்கு உண்மையான காரணம் என்று எதைச் சொல்லுவது? வயிறு வலிக்கும் என்றோ, நமக்கு ஆகாது என்றோ, சாமிக்குப் பிடிக்காது என்றோ ஏதாவது ஒரு கற்பனையைத்தானே சொல்லியிருக்க முடியும்? ஐந்து வயதில் லட்சுமியையும் பாம்பையும் முனியையும் ஏன் என்று கேட்காமல் ஏற்றுக்கொண்ட பிள்ளை, ஏழு வயதில் இதையும் அதே வாயால் விழுங்கிவிடுகின்றது. வயிற்றில் மரம் முளைக்காது என்று முன்பே சொன்னோம். ஆனால் இந்தக் கொட்டை முளைத்துவிடுகின்றது.

இதையெல்லாம் போன மாதம் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பேசிவிட்டு வீட்டுக்குப் போனபோது, இதை எழுதுகின்றவனின் பத்து வயது மகள் பழைய நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்து வைத்திருந்தாள். இடது பக்கம் வீட்டில் சொல்லப்படும் விதி, வலது பக்கம் அதற்குக் காரணம். ‘வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே’ என்பதற்கு எதிரே ‘புரையேறும்’ என்று எழுதிச் சரி போட்டிருந்தாள். ‘மழையில் நனைந்தால் சளி பிடிக்கும்’ என்று நாம் சொன்னதை ஆசிரியையிடம் கேட்டுவிட்டு வந்து, சளி கிருமியால் வருவது என்று எழுதி, நம் காரணத்தை அடித்திருந்தாள். அது போகட்டும் என்று ஒப்புக்கொண்டோம். அதற்கடுத்த இரண்டு வரிகளில் வலது பக்கம் காலியாயிருந்தது. ‘அப்பா பேசும்போது குறுக்கே பேசாதே’ என்பது ஒன்று. ‘இருட்டினபின் அண்ணன் கடைவீதிக்குப் போகலாம், நீ போகக்கூடாது’ என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஏதோ சொல்லிப் பார்த்தோம், அவள் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாவதற்கு, தெருவில் விளக்குச் சரியில்லை என்றோம். “அப்ப அண்ணனுக்கு மட்டும் வெளக்கு எரியுதாப்பா?” என்றாள். பதினைந்து நாளாக அந்த இரண்டுக்கும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கின்றோம். நோட்டு மேஜை மேல்தான் இருக்கின்றது.